ஒரே கையால் அடிக்கும் சொற்கள்: பட்டியல் போடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

'குயில்' என்ற சொல்லை ஒரே கையால் தட்டச்சு செய்ய முடியுமா? ரோமன் எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை என்றால் முடியும். கே, யு, ஒய், ஐ, எல் ஐந்துமே வலது கைப் பக்கம். 'மயில்' முடியாது, அதில் வரும் 'ஏ' இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. சரி, தமிழ் எழுத்துகளையே நேராக விசைகளில் வைத்திருக்கும் தமிழ்99 பலகைக்கு மாறினால்? குயிலும் போச்சு. உகரம், இகரம், புள்ளி மூன்றுக்கும் இடது கை வேண்டும்.

எந்த விசைப்பலகை என்று சொல்லாமலே பட்டியல் போடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. ஆங்கிலத்திலும் இதே கதைதான். வழக்கமான குவெர்ட்டி பலகையில் 'லாலிபாப்' முழுக்க வலது கைச் சொல். 1936-இல் காப்புரிமை பெற்ற டுவொராக் பலகையில் உயிரெழுத்துகள் ஐந்தும் இடது பக்கம், அதனால் அங்கே அது இரண்டு கைச் சொல்லாகிவிடும். இன்னொரு குழப்பமும் உண்டு: 'டைப்ரைட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்தும் ஒரே வரிசையில் இருப்பதைப் பார்த்து அதையும் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். வரிசை ஒன்றுதான், கை இரண்டு.

1999-இல் வந்த தமிழ்99 பற்றிப் பேசும்போது 'உயிர் இடது, மெய் வலது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது அடுத்த சறுக்கல். வ, ங இரண்டும் இடது பக்கம் இருக்கின்றன. 'வர', 'வளவள' எல்லாம் இதனால்தான் வலது கைப் பட்டியலில் நிற்காது. ஆனால் இதே வகரத்தால்தான் இடது கைக்கும் சில நல்ல சொற்கள் கிடைக்கின்றன: அவை, இவை, ஏவு, ஆவி, வாவி. எனக்குப் பிடித்தது 'ஔவை'. அதை ஒள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் ஏராளம். ளகரம் வலது பக்கம் இருப்பதால், அப்படி அடித்தால் எழுத்தும் பிழை, ஒரு கைச் சொல் என்ற தகுதியும் போய்விடும்.

ஙகரம் பலகையின் நடுவில், இடது ஆள்காட்டி விரலுக்கு உரிய இடத்தில் இருக்கிறது. அதை வலது விரலால் எட்டி அழுத்துபவர்களும் இருக்கிறார்கள். 'தங்க' வலது கைச் சொல்லா இல்லையா என்ற சண்டை இதனால் வரும். விதியை முன்பே எழுதிவைத்துவிடுவது நல்லது.

அப்புறம் புள்ளி. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணாமல், அழுத்தும் விசையை எண்ண வேண்டும். தமிழ்99-இல் 'மர' வரை வலது கை போதும்; 'மரம்' என்றதும் கடைசிப் புள்ளிக்கு இடது கை வந்துவிடும். ஆனால் 'நல்ல', 'மற்ற', 'பறக்க' ஆகியவற்றில் புள்ளி இருந்தும் அதை அழுத்தத் தேவையில்லை. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'கண்ட', 'நடந்த' போல மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படித்தான். இதே வசதி 'ககன'த்தில் காலை வாரும். அப்படியே அடித்தால் 'க்கன' என்று நிற்கும். நடுவில் அகரத்தை அழுத்த வேண்டும், அது இடது கை. இந்திய மொழிகளுக்கான பொதுவான விசைப்பலகை அமைப்பான இன்ஸ்கிரிப்டில் இந்தத் தானியங்கிப் புள்ளி கிடையாது, எனவே 'நல்ல' அங்கே தேறாது. 'கலகல' இரண்டிலும் தேறும். 'மடமட' தமிழ்99-இல் மட்டும்தான் தேறும், இன்ஸ்கிரிப்டில் மகரம் இடது பக்கம்.

பட்டியலை நிரல் எழுதித் தேடுபவர்களும் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். யூனிகோடில் 'க்க' மூன்று குறியீடுகள், தமிழ்99-இல் இரண்டே அழுத்தங்கள். சொல்லை முதலில் விசை வரிசையாக மாற்றிக்கொண்டுதான் சோதிக்க வேண்டும்.

ரோமன் முறையில் ஷிஃப்டை மறந்துவிடுவார்கள். 'கிளி'யின் எழுத்துகள் எல்லாம் வலது பக்கம்தான், ஆனால் ளகரத்துக்கு ஷிஃப்ட் தேவை. முறையாகப் பழகியவர் அதை இடது சுண்டுவிரலால்தான் அழுத்துவார்.

ஒரு கைச் சொல் என்றால் வேகமாக அடிக்கலாம் என்பதும் தப்புக்கணக்கு. கைகள் மாறி மாறி இயங்கும்போது ஒரு கை அழுத்துகையில் மற்றது அடுத்த விசைக்குத் தயாராகிவிடும். தமிழ்99-இல் 'கிடுகிடு' வலது, இடது, வலது, இடது என்று தாளம் போட்டதுபோல் ஓடும். 'கடகட'வில் முழுச் சுமையும் வலது கைக்கு. ஒரு கையால் மட்டுமே தட்டச்சு செய்ய வேண்டிய நிலையில் இருப்பவரிடம் இந்தப் பட்டியலை நீட்டுவதிலும் பொருளில்லை. அவருக்குத் தேவை ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாத ஸ்டிக்கி கீஸ் வசதியும், இடக்கை வலக்கைக்கென்று தனித்தனியாக உள்ள டுவொராக் பலகைகளும்தான். இது வெறும் சொல் விளையாட்டு.

விளையாட்டு என்றாலும் 'மிக நீளமான சொல்' என்று அறிவிக்க அவசரப்பட வேண்டாம். பளபள, படபட, சலசல, நறநற என அகரத்தில் முடியும் இரட்டைக்கிளவிகள் தமிழ்99-இன் வலது கைக்குப் பெரிய புதையல். 'பளபளக்க' ஆறு அழுத்தம், 'பளபளக்கத்தக்க' பத்து. தமிழில் ஒட்டிக்கொண்டே போகலாம் என்பதால், அகராதித் தலைச்சொல் மட்டும் என்று வரம்பு வைக்காவிட்டால் இந்தப் போட்டி முடியாது. ஆங்கிலத்தில் இடது கைக்கு 12 எழுத்துள்ள 'ஸ்டூவர்டெஸஸ்' சொல்லைத்தான் பலரும் காட்டுவார்கள். கண்புரை சிகிச்சைக்குப் பின் உருவாகும் படலத்தைக் குறிக்கும் 'ஆஃப்டர்கேட்டராக்ட்' என்ற மருத்துவச் சொல்லைப் பன்மையாக்கினால் 14 எழுத்து, அதுவும் முழுக்க இடது கைதான்.