தவக்காலத்தில் தாழ்ச்சியைப் பழகுவது எப்படி?

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூசிக்கொண்டதும் தாழ்ச்சி வந்துவிடாது. ஈஸ்டர் வரை, ஞாயிறுகள் நீங்கலாக 40 நாள் இருக்கிறது. ஒன்றிரண்டு பழக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுத் தீர்மானம் எடுத்தால் பாதியிலேயே சோர்வு வரும்.

நாவிலிருந்து தொடங்குவது நல்லது. யாராவது குறை சொன்னால் உடனே விளக்கம் கொடுக்காமல், "சரி, யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். "ஆனா..." என்று வாய் வரை வரும், பயிற்சியே அந்த இடத்தில்தான். பாராட்டுக்கு ஒரு "நன்றி" போதும். "நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்" என்று மறுப்பது இன்னொரு பாராட்டைத்தான் வரவழைக்கும்.

யாரும் விரும்பாத ஒரு வேலையைத் தினமும் செய்யுங்கள், சொல்லிக்கொள்ளாமல். தர்மம், செபம், நோன்பு மூன்றையும் மறைவாகச் செய்யச் சொல்கிறது மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம்.

இரவில் 5 நிமிடம் ஆன்ம சோதனை: இன்று யாரை மட்டமாக நினைத்தேன்? லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயர் (யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பிரிவைச் சேர்ந்தவர்) வாரம் இருமுறை நோன்பிருந்தவர். அவரைக் கெடுத்தது, "இந்த வரிதண்டுபவரைப் போல் நான் இல்லை" என்ற ஒப்பீடு. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அடுத்தவர் குற்றத்தை இழுக்காமல் உங்களுடையதை மட்டும் சொல்லுங்கள்.

கொடுமையைச் சகித்துக்கொண்டு கிடப்பது தாழ்ச்சி அல்ல. அங்கே உதவி கேட்பதே சரி.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இருந்தால், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று நடக்கும் பாதம் கழுவும் சடங்குக்கு முன்பே போய்விடுங்கள். "மனசு நொந்திருந்தால்" என்று இழுக்காமல், செய்தது இன்னது என்று சொல்லிக் கேளுங்கள்.