சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர்

குழந்தை மேல் சூடான டீயோ சாம்பாரோ கொட்டிவிட்டால், முதலில் அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மணி பார்த்து முழுசாக 20 நிமிடம். நனைந்த சட்டை, டயப்பர், வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். டயப்பர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வளையல் வீக்கத்தில் இறுகிவிடும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள்.

கொட்டியது வழிந்த பிறகும் தோலுக்குள் தங்கிய சூடு ஆழமாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீர் அதை வெளியே கொண்டுபோவதால் வலியும் புண்ணின் ஆழமும் குறையும். 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. மொட்டை மாடி டேங்க் தண்ணீர் வெயிலில் கொதித்தால், குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் வேண்டவே வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். பேஸ்ட், இங்க், இட்லி மாவு தடவினால், டாக்டர் காயத்தைப் பார்க்கவே அதை முதலில் கழுவி எடுக்க வேண்டும். பாவம், குழந்தைக்கு அது இன்னொரு வலி.

மார்பு, வயிறு என்று உடம்பில் பெரிய பகுதி வெந்திருந்தால் இவ்வளவு நேரம் நனைக்காதீர்கள். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உடனே 108-ஐ அழையுங்கள். கரண்ட் பட்டதென்றால் மெயினை அணைத்த பிறகே குழந்தையைத் தொடவும். கொப்புளம் வந்தாலோ, முகம், கை, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலோ தண்ணீர் காட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.