ஐடிலிங்கில் குலுங்கும் பழைய கார்: ஸ்க்ரூவைத் தொடும் முன் கவனிக்க வேண்டியவை

பழைய மாருதி 800 சிக்னலில் நிற்கிறது, இன்ஜின் மட்டும் ஓடுகிறது; இதுதான் ஐடிலிங். ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது, டேஷ்போர்டு கடகடக்கிறது, பின்னால் நிற்கும் பஸ் கண்ணாடியில் கலங்கித் தெரிகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் எல்லாம் அடங்கிவிடும். ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் ஐடிலிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகிவிட்டு, "இப்போ பாருங்க சார், பட்டு மாதிரி ஓடுது" என்பார்கள். உண்மையிலேயே ஓடும். இரண்டு மாதம்.

அப்பாவின் 1994 மாடல் வண்டி இப்படித்தான் ஒன்றரை வருடம் ஓடியது. ஒவ்வொரு சர்வீஸிலும் ரேஸ் கொஞ்சம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கிளட்சை விட்டால் கால் வைக்காமலே வண்டி நகர்ந்தது. ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கியர் கடித்தது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இன்ஜின் இரண்டு மூன்று தடவை உதறிவிட்டுத்தான் நின்றது. கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது; நாங்கள் அதை மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தோம். ரேஸை ஏற்றிக் குலுக்கலை மறைப்பதுதான் பழைய வண்டிக்காரர்கள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதன் பின்னாலேயே வருகின்றன.

ஐடிலிங்கில் மட்டும் ஏன் குலுங்குகிறது என்பது பிடிபட்டால் பாதித் தவறுகள் நடக்காது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் கொஞ்சம். அதற்கேற்ற பெட்ரோலும் ஒரு சின்ன ஜெட்டின் ஓட்டை வழியாகத்தான் வருகிறது. அந்த நேரத்தில் எங்காவது ஒரு மயிரிழை விரிசல் வழியாகக் கூடுதல் காற்று புகுந்தால்கூடக் கலவை கெட்டுவிடும். அதே விரிசல், 60 கிலோமீட்டர் வேகத்தில் த்ராட்டில் திறந்திருக்கும்போது கணக்கிலேயே வராது. போதாததற்கு 800-இன் 796 சிசி இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர். 900 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொன்றும் நொடிக்கு ஏழெட்டு முறை எரிந்து அடிக்க வேண்டும். ஒன்று அடிக்காவிட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. இப்படி அடி தவறுவதுதான் மிஸ்ஸிங். நான்கு சிலிண்டர் அம்பாசடர் சமாளித்துக்கொள்ளும் மிஸ்ஸிங்கை இது சமாளிக்காது, வண்டியையே ஆட்டிவிடும்.

அதனால் பானெட்டைத் திறக்கும் முன், எப்போது குலுங்குகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துவையுங்கள். "ஐடிலிங் சரியில்ல" என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்வது, "உடம்பு சரியில்ல" என்று மட்டும் டாக்டரிடம் சொல்வது போல. காலையில் மட்டும் குலுங்கி, சூடானதும் சரியாகிறதா? அப்படியானால் சோக், கலவை, வால்வை இயக்கும் டேப்பட் இறுகிப்போனது என்று ஒரு வழி. ஐந்து கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகுதான் தொடங்குகிறதா? பிளக்கில் பொறி வரச் செய்யும் காயில், கண்டன்சர் மேல் சந்தேகம் வரும். மழை பெய்த மறுநாள் மட்டுமா? அந்தக் கரண்ட்டைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பையும் பிளக் ஒயரையும் பார்க்க வேண்டும். ஹெட்லைட் போட்டால் மோசமாகிறதா? பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். ரேஸ் ஏற்றினாலும் மிஸ்ஸிங் போகவில்லையா? அப்போது கார்புரேட்டரை விட்டுவிட்டுக் கரண்ட் பக்கம் போகலாம். இவ்வளவும் காசு செலவில்லாமல் கிடைக்கும் தகவல்.

சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். இன்றும் அதற்கு மதிப்பு உண்டு. நல்ல இன்ஜினின் புகை ஒரே சீராகக் கையைத் தள்ளும். நடுநடுவே ஒரு தள்ளு விட்டுப்போனால், ஒரே தாளத்தில் விட்டுப்போகிறதா என்று எண்ணுங்கள். தாளத்தோடு விட்டால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் அடிக்கவில்லை என்று பொருள். தாளமில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக விட்டால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான கோளாறு: கலவை, பெட்ரோல், காயில். ஒரு துண்டுத் தாளை அங்கே பிடிக்கும்போது அது அவ்வப்போது உள்ளே இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படலாம். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு நிற்கவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க, ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது ரொம்ப காலமாக நடக்கும் இன்னொரு தவறு. ஷாக் அடிப்பதோடு போவதில்லை. வெளியேற வழியில்லாத அந்த ஹை டென்ஷன் கரண்ட் காயிலுக்குள்ளேயோ கேப்புக்குள்ளேயோ பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடும். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் மாட்யூலே போய்விடலாம். இன்ஜினை அணைத்து, ஒரு ஒயரைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கை மாட்டி, பிளக்கின் உடம்பு இன்ஜின் மேல் நன்றாகப் படும்படி கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குலுக்கல் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. எதுவும் மாறவில்லை என்றால் அதுதான் நீங்கள் தேடிய சிலிண்டர். பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்யுங்கள். ஒயரைத் திருப்பி மாட்டும்போது வரிசை மாறக்கூடாது. இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் அடிக்கும் வரிசை, 1-3-2.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெளுப்பு என்றால் காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். காபிப்பொடி நிறம் இருந்தால் அந்த சிலிண்டர் நன்றாக எரிகிறது. பிளக் முனைகளின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புதுப் பிளக் என்று நம்பி அளக்காமல் மாட்டுகிறவர்கள் நிறைய பேர், அட்டைப் பெட்டிக்குள்ளேயே நசுங்கி வருவதும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தால், சில சமயம் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடும். கரண்ட் கசியும் பாதை அது. துடைத்தால் போகாது, கேப்பை மாற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்ட் உள்ள பழைய வண்டி என்றால் அதன் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர்.

அடுத்தது கார்புரேட்டர் மேல் பழியைப் போடுவது. எங்கள் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ரேஸ் ஏற்றியும் பயனில்லை என்றதும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு இடத்தில் இன்னொரு தடவை. பிறகு காயில், பிளக் ஒயர், பெட்ரோல் பம்ப் என்று மூன்றையும் ஒரே நாளில் மாற்றினார்கள். குலுக்கல் போகவில்லை, பில் மட்டும் வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில், கார்புரேட்டரின் அடிப்பாகமும், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டும் சேரும் விளிம்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனேன். மூன்று பக்கம் ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் வழிந்து கொதித்துக் காய்ந்தது. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் வந்தபோது சொட்டு வழியாமல் சட்டென்று உள்ளே மறைந்தது. இன்ஜின் சத்தம் ஒரு நொடி மாறி மறுபடி பழையபடி ஆனது. இன்னொரு சொட்டு விட்டேன், மறுபடியும் அதே மாற்றம்.

கழற்றிப் பார்த்தபோது, அடித்தட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினால் ஒரு மூலையில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு முறை சர்வீஸ் செய்தவர்களும் நட்டுகளை முழு பலத்தோடு முறுக்கியிருக்கிறார்கள். மிருதுவான உலோகம், வளைந்துவிட்டது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் தடித்த கறுப்புத் தட்டிலும் விரிசல். முதலில் சின்னக் கசிவாக இருந்ததை வைத்தியமே பெரிதாக்கியிருந்தது. ஒரு கேஸ்கெட் செட், கண்ணாடியின் மேல் எமரித் தாளை விரித்து அடித்தட்டை மட்டமாகத் தேய்த்த இரண்டு மணி நேரம்: ஆன செலவு அவ்வளவுதான். ஆகவே கார்புரேட்டரைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ளவற்றைப் பாருங்கள். முப்பது வருட ரப்பர் வேக்கம் பைப்புகள் கருவேலங்குச்சி போல இறுகியிருக்கும், முனையில் வெடித்திருக்கும். ஒவ்வொன்றாக மூக்குக் குறடால் துணி வைத்து மெல்ல நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் சீராகிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றாதீர்கள். சரியானால்கூட எது குற்றவாளி என்று தெரியாது. புதிதாகப் போட்டதில் ஒன்று பழுதாக இருந்தால் கதை இன்னும் சிக்கலாகிவிடும்.

கசிவு பார்க்கப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ பீய்ச்சுகிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். பழைய வண்டியில் பிளக் ஒயரிலிருந்து பொறி கசிவது சகஜம். சூடான எக்ஸாஸ்ட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் போதும், அதுவும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படாமல்.

இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்கம் கேஜ் ஒன்று கையிலிருந்தால் பல சந்தேகங்கள் தீரும். கடல்மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை, முள் ஆடாமல் காட்டும். முள் ஒரே தாளத்தில் துள்ளினால் வால்வு. அசையாமல் ஆனால் தாழ்ந்து நின்றால் கசிவு அல்லது பொறி பிந்தி வரும் டைமிங். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும் என்பதால், சென்னையில் 19 காட்டும் இன்ஜின் ஊட்டியில் 12 அளவில்தான் நிற்கும். அதைக் கோளாறு என்று எண்ணி எதையும் கழற்ற வேண்டாம்.

பெட்ரோலை யாரும் சந்தேகப்படுவதில்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்கு ஏற்றபடி கூடுதல் பெட்ரோல் விடக் கார்புரேட்டருக்குத் தெரியாது, அதனால் கலவை மெலிகிறது. டேங்கில் பல வருடமாக ஒட்டியிருந்த பிசினையும் அது கரைத்துக் கொண்டுவந்து ஐடிலிங் ஜெட்டில் சேர்க்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால் காற்றின் ஈரத்தை வாங்கி, தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து எடுத்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். நடுவில் கோடு போட்டதுபோல இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அந்தப் பெட்ரோலை முழுவதும் வெளியேற்றிய பிறகுதான் மற்ற வேலை. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள், இதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது.

"டேப்பட் சத்தமே இல்ல, இன்ஜின் அருமையா இருக்கு" என்று சிலர் பெருமைப்படுவதைக் கேட்டால் எனக்கு பயமாக இருக்கும். லேசான டிக் டிக் சத்தம் இருக்கத்தான் வேண்டும். வால்வு சீட் தேயத் தேய இடைவெளி குறைந்து சத்தம் அடங்கும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், கசியும். முதலில் ஐடிலிங்கில் தெரியும், பிறகு எக்ஸாஸ்ட் வால்வு கருகும். எல்.பி.ஜி.யில் ஓடும் ஆம்னிகளில் இது சீக்கிரமே வரும். குளிர்ந்த இன்ஜினில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் நுழைய வேண்டும். அதைச் சரிசெய்தும் ஒரு சிலிண்டர் எழவில்லை என்றால் கம்ப்ரெஷன் பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுக் கார்புரேட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இன்ஜின் சீராகத்தான் ஓடுகிறது, வண்டி மட்டும் நடுங்குகிறது என்பதும் உண்டு. சைலன்சரில் தாளம் தவறவில்லை என்றால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள்.

2000க்குப் பிறகு வந்த, கார்புரேட்டர் இல்லாமல் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் ஸ்க்ரூ வேலைக்கு இடமே இல்லை. த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் படியும் கரியைத் துடைப்பதுதான் முதல் வேலை. சிலிண்டர் அடிக்காமல் நாள்கணக்கில் ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுக்கும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் நாப் முழுதாக உள்ளே இருக்க வேண்டும். ஹெட்லைட் அணைந்திருக்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் ஓடக்கூடாது. கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூ இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணிக் குறித்துவிட்டு, ஆர்.பி.எம். இறங்கும்வரை மெல்ல உள்ளே. கடைசிவரை இறுக்கினால் ஊசிமுனை பதிந்துவிடும், ஜாக்கிரதை. பிறகு இன்ஜின் அதிகபட்ச வேகத்தில் சீராக ஓடும் இடம் வரும்வரை வெளியே. அங்கே நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவால் 900க்கு இறக்குங்கள். மறுபடி ஒருமுறை இரண்டையும் சரிபாருங்கள்.

புதுக் கேஸ்கெட் போட்ட அந்த ஞாயிறு மாலை, எங்கள் வண்டியை 900க்கு இறக்க ஐடிலிங் ஸ்க்ரூவை இரண்டேகால் சுற்று வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றரை வருடத்தில் அரை அரைச் சுற்றாக உள்ளே போனது அவ்வளவு.