மாற்றத்தை அறிவித்த பிறகு நிர்வாகம் செய்யும் தவறுகள்

புதிய மென்பொருளோ, துறைகளின் மறுசீரமைப்போ, எதுவானாலும் தலைமை அதை மாதக்கணக்கில் பேசி, சந்தேகம் தீர்ந்த பிறகே அறிவிக்கிறது. ஊழியர்களுக்கோ அன்றுதான் முதல் நாள். ஒரே கூட்டத்தில் அவர்கள் மனம் பழகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. யாரும் கேள்வி கேட்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அதைவிடத் தவறு. "என் வேலை இருக்குமா? இனி யாருக்குக் கீழ்? திங்கட்கிழமை எதை மாற்றிச் செய்ய வேண்டும்?" என்ற கேள்விகள் பிறகு நேரடி மேலாளரிடம்தான் போகும். அவருக்கே தெரியாவிட்டால் வதந்தியே விடையாகிவிடும். அறிவிப்புக்கு 2, 3 நாள் முன்பே இந்த மேலாளர்களை அழைத்து, எழக்கூடிய 10 கேள்விகளுக்காவது எழுத்தில் பதில் கொடுங்கள். முடிவாகாதவற்றுக்கு, எந்தத் தேதியில் முடிவாகும் என்று சொல்லுங்கள்.

எதிர்ப்பை மனக்கோளாறாகப் பார்ப்பதுதான் ஆகப் பெரிய தவறு. ஒரு நிலை நீடிப்பது, தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் சமமாக இருப்பதால்தான் என்று உளவியலாளர் கர்ட் லெவின் 1940களிலேயே விளக்கினார். தள்ளுவதைக் கூட்டினால் இறுக்கமும் கூடும். தடையைக் குறைத்தால் மாற்றம் இலகுவாக நடக்கும். நடைமுறையில் அந்தத் தடை பெரும்பாலும் வேலைப்பளுதான். புதிய முறையில் ஒரு பதிவுக்கு 2 நிமிடம் கூடுதலாகப் பிடித்தால், நாளுக்கு 60 பதிவு செய்பவருக்கு 2 மணி நேரம் போய்விடும். இலக்கை எட்ட வேண்டுமே என்று அவர் பழைய எக்செல் கோப்புக்கே திரும்புவார். அவரைப் பிடிவாதக்காரர் என்பது அநியாயம். முதல் 4 முதல் 6 வாரங்களுக்கு இலக்கைக் குறையுங்கள். முடியாவிட்டால் யாரும் படிக்காத அறிக்கை ஒன்றையாவது நிறுத்துங்கள். ஊக்கத்தொகையைக் கணக்கிடும் முறையையும் மாற்றுங்கள். பழைய கணக்குப்படி பணம் கொடுத்தால் வேலையும் பழையபடிதான் நடக்கும்.

பயிற்சியை இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுவதும் வீண், மறந்துபோகும். தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்குள், அவரவர் அன்றாட வேலையையே வைத்து நடத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் துணிச்சலும் ஆபத்து. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. முதலில் ஒரு குழுவில் ஓட்டிப் பாருங்கள். எத்தனை பிழை வந்தால் நிறுத்துவது, யார் நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். நெருக்கடி வந்த பிறகு அந்த முடிவை நிதானமாக எடுக்க முடியாது.

ஹார்வர்டு பேராசிரியர் ஜான் கோட்டர் 1995இல் வரிசைப்படுத்திய 8 தவறுகளில் ஒன்று, சீக்கிரமே வெற்றி அறிவிப்பது. எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்ற எண் எதையும் காட்டாது. எத்தனை பேர் முழு வேலையையும் புதிய முறையிலேயே முடிக்கிறார்கள் என்று 30, 90, 180ஆம் நாட்களில் எண்ணுங்கள். அப்போதும் பழைய படிவம் புழக்கத்தில் இருந்தால், அதைப் பயன்படுத்துபவரிடம் போய், புதியதில் இல்லாத எது அதில் கிடைக்கிறது என்று கேளுங்கள். அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டு, பழையதை மூடும் தேதியை அறிவியுங்கள்.