பைரவி ஸ்வரஜதி பாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்நாடக இசையில் ஸ்வரஜதி என்பது ஸ்வரத்தையும் அதே மெட்டில் சொல்லையும் பாடும் பாட்டு வகை. பைரவி ராகத்தில் அமைத்த ஸ்வரஜதியில் சியாமா சாஸ்திரி (1762–1827) அதன் வடிவத்தை மீறிவிட்டார் என்ற குறையை அவ்வப்போது கேட்கிறேன். அவருக்கு முன் ஸ்வரஜதி ஆடலுக்கானது. ஸ்வரங்களுக்கு நடுவே ஜதி என்னும் தாளச் சொற்கட்டுகளும் வரும். மெலட்டூர் வீரபத்திரய்யாவின் பெயரில் வழங்கும் உசேனி ராக ஸ்வரஜதி அந்த மரபைச் சேர்ந்தது. சாஸ்திரி ஜதியை எடுத்துவிட்டார், வேகத்தைத் தாழ்த்தினார், காமாக்ஷியிடம் முறையிடும் தெலுங்கு சாகித்தியத்தை, அதாவது பாடல் வரிகளை, அமைத்தார். உசேனியைக் கையில் வைத்துக்கொண்டு பைரவியை அளப்பதுதான் முதல் தவறு.

பயிற்சிப் பாட்டுகளான கீதத்துக்கும் வர்ணத்துக்கும் இடையே மாணவர்கள் பிலஹரி ராக ஸ்வரஜதியைக் கற்பதால், பைரவி ஸ்வரஜதியையும் பாலபாடம் என்று நினைப்பவர்கள் உண்டு. பைரவியின் கமகங்களில், அதாவது ஸ்வர அசைவுகளில், ஒருமுறை இறங்கிப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

பெரிய தவறு, சரணங்களை வெட்டுவது. மொத்தம் எட்டுச் சரணங்கள். முதலாவது முதல் ஸ்வரமான ஸட்ஜத்தில் எடுக்கிறது, அடுத்தது ரிஷபத்தில், அதற்கடுத்தது காந்தாரத்தில். இப்படியே ஏறி எட்டாவது மேல் ஸட்ஜத்துக்கு வருகிறது. ‘ஸ்யாமகிருஷ்ண’ என்று பாட்டில் அவர் வைக்கும் முத்திரைப் பெயரும் அங்கேதான் இருக்கிறது. நேரமில்லை என்று நடுவில் மூன்றை விட்டுவிட்டுக் கடைசிச் சரணத்துக்குத் தாவினால், மேல் ஸட்ஜம் வெறும் உச்சஸ்தாயியாகத்தான் கேட்கும். படிப்படியாக ஏறி வந்தவர்களுக்கு அதே ஸ்வரம் முறையீட்டின் உச்சம். சரணம் முடிந்ததும் ஒரே பல்லவிக்குத் திரும்பத் திரும்ப வருவது அலுப்பு என்பார்கள். ஒவ்வொரு முறையும் இன்னும் ஓர் ஸ்வரம் மேலே போய்விட்டுத் திரும்புகிறோம் என்பதைக் கவனித்தால் அலுக்காது. தாளவாத்தியங்களின் தனி ஆவர்த்தனத்துக்கு அரைமணி நேரம் கொடுக்கிற கச்சேரியில் இதற்கா நேரமில்லை?

ஸ்வரத்தைத் தட்டையாக ஒப்பித்துவிட்டு, சாகித்தியம் வந்ததும் உருகுவது இன்னொரு தவறு. இரண்டுக்கும் ஒரே தாது, அதாவது ஒரே மெட்டு. சொல்லில் வருகிற அசைவு ஸ்வரத்திலும் வர வேண்டும்; காந்தாரமும் நிஷாதமும் அசையாத இடத்தில் பைரவி இல்லை.

தாளம் மிஸ்ர சாபு, மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை. வேகத்தைக் கூட்டி அந்த ஏழு எண்ணிக்கையையும் தட்டித் தட்டிக் காட்டினால் கைதட்டல் கிடைக்கலாம். சாஸ்திரி களைந்த ஆட்டத்தைத்தான் மறுபடி உள்ளே கொண்டுவருகிறோம். எட்டாவது சரணத்துக்குப் பின், மேடையிலேயே கற்பனையாக அமைக்கும் கல்பனாஸ்வரம் பாடும் ஆசையும் வேண்டாம்; பாடவேண்டிய ஸ்வரத்தையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார்.