மினியாபொலிஸுக்கு வருகிறீர்களா? லீஸில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாபொலிஸில் வேலை கிடைத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "அந்தக் குளிர் தாங்குமா?" என்றுதான். தாங்கும். நல்ல ஜாக்கெட்டும் வழுக்காத பூட்ஸும் இருந்தால் போதும், இரண்டாவது குளிர்காலத்தில் பழகிவிடும். அதைவிடப் பெரிய கேள்வி, எங்கே வீடு பார்ப்பது என்பது. வாடகையையும் அலுவலகத் தூரத்தையும் மட்டும் வைத்து அதை முடிவு செய்துவிடாதீர்கள். இங்கே உங்கள் வாடகை, உங்கள் தெருவில் வரும் பஸ், வாசலில் பனி அள்ளும் முறை எல்லாமே உள்ளூர் அரசியலில் முடிவாகின்றன. யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஊரின் அமைப்பு. மினியாபொலிஸும் செயின்ட் பாலும் பக்கத்துப் பக்கத்து நகரங்கள், ஆனால் ஒரே நகராட்சி இல்லை. மேயர் வேறு, கவுன்சில் வேறு, வாடகைச் சட்டம் வேறு, பனிக்கால விதிகளும் வேறு. இவற்றைச் சுற்றி ஈடன் ப்ரெய்ரி, பிளிமத், மேப்பிள் குரோவ், ஈகன் என்று நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் புறநகர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நகராட்சி உண்டு. ஏழு கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் போல) சேர்ந்த மொத்தப் பகுதிக்கும் மேலே மெட் கவுன்சில் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கார் வாங்கும் வரை, ஏன், வாங்கிய பிறகும்கூட, உங்களுக்கு உதவப்போவது மெட்ரோ ட்ரான்ஸிட் என்ற பொது பஸ், ரயில் சேவை. இரண்டு லைட் ரயில் பாதைகள் உள்ளன. 2004இல் வந்த ப்ளூ லைன், டவுன்டவுனிலிருந்து விமான நிலையம் வழியாக மால் ஆஃப் அமெரிக்கா வரை போகிறது. நீங்கள் வந்து இறங்கும் நாளிலேயே பெட்டியோடு இதில் ஏறி ஊருக்குள் வந்துவிடலாம். 2014இல் வந்த கிரீன் லைன், மினியாபொலிஸ் டவுன்டவுனிலிருந்து பல்கலைக்கழகம் வழியாக செயின்ட் பால் வரை ஓடுகிறது. மாணவர்களுக்கு இதைவிட வசதியான தடம் கிடையாது. 2025 முதல் கட்டணமும் எளிதாகிவிட்டது. பெரியவர்களுக்கு 2 டாலர், இரண்டரை மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதே டிக்கெட். 'கோ-டு' என்ற பயண அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஏறும்போது யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள், ஆனால் ஓடும் வண்டியில் வந்து சோதிப்பார்கள். எனவே பிளாட்ஃபாரத்திலேயே அட்டையைத் தட்டிவிட்டு ஏறுங்கள். குளிர்காலத்தில் ரயில் நிலையங்களிலும் பல பஸ் நிறுத்தங்களிலும் தலைக்கு மேல் ஹீட்டர் இருக்கும். அது தானாக எரியாது. சுவரில் அல்லது தூணில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சில நிமிடங்களில் அணைந்துவிடும், மறுபடி அழுத்துங்கள்.

ரயிலைவிட எனக்கு நம்பிக்கை தருவது எழுத்துப் பெயர் கொண்ட விரைவு பஸ்கள். 2016இல் ஏ லைனில் தொடங்கி சி, டி, பி என்று வளர்ந்து வருகின்றன. நிறுத்தத்திலேயே பணம் கட்டிவிடுவதால் எல்லாக் கதவுகளிலும் ஏறலாம், சிக்னலும் ஓரளவு வழிவிடும். பழைய 5ஆம் எண் பஸ் தடத்துக்குப் பதிலாக 2022 டிசம்பரில் வந்த டி லைன், புரூக்ளின் சென்டரிலிருந்து நகரத்தின் நடுவே இறங்கி மால் ஆஃப் அமெரிக்கா வரை செல்கிறது. வீடு பார்க்கும்போது இந்தப் பாதைகளில் ஒன்றுக்கு நடக்கும் தூரத்தில் கிடைத்தால், வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு காரின் இன்ஷூரன்ஸ், பெட்ரோல், பார்க்கிங் செலவைக் கணக்குப் பார்த்தால் அது லாபம்தான்.

புறநகரில் கதை வேறு. ஈடன் ப்ரெய்ரிப் பக்கம் சவுத்வெஸ்ட் ட்ரான்ஸிட், ஈகன் பக்கம் எம்விடிஏ, மேப்பிள் குரோவுக்கும் பிளிமத்துக்கும் தனித்தனி பஸ் சேவைகள். கோ-டு அட்டை இவற்றிலும் செல்லும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை காலையில் டவுன்டவுனுக்கு அழைத்துப்போய் மாலையில் திருப்பிக் கொண்டுவரும் நோக்கத்தில் உருவானவை. எனவே வீட்டைப் பார்க்கும்போது காலை பஸ்ஸை மட்டும் பார்க்காதீர்கள். இரவு 8 மணிக்கு அலுவலகத்திலிருந்து வீடு திரும்ப வழி இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓடுகிறதா என்று தேடிப் பாருங்கள். மேப்பிள் குரோவில் உள்ள இந்துக் கோயிலுக்குப் போகவும் கார் இல்லாமல் சிரமம். புதியவர்களை யாராவது ஒருவர் அழைத்துப் போவது இங்கே வழக்கம், கேட்கத் தயங்க வேண்டாம்.

"பக்கத்திலேயே ரயில் வரப்போகிறது" என்று சொல்லி வாடகைக்கு விடுபவர்களிடம் கவனமாக இருங்கள். கிரீன் லைனை செயின்ட் லூயிஸ் பார்க், ஹாப்கின்ஸ், மினடோங்கா வழியாக ஈடன் ப்ரெய்ரி வரை நீட்டும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. 16 நிலையங்கள், சுமார் 14.5 மைல். முதலில் 2023இல் திறப்பதாக இருந்தது, பிறகு 2027 என்றார்கள். ஏறத்தாழ 2 பில்லியன் டாலரில் முடிய வேண்டியது 2.86 பில்லியன் டாலருக்குப் போனது. கெனில்வொர்த் பகுதியில் அடுக்குமாடி வீடுகளை ஒட்டிச் சுரங்கம் தோண்டியதில் வந்த சிக்கல் அதில் பெரும் பங்கு. ரயில் வந்தால் நம்மவர்கள் பலருக்கு வாழ்க்கையே மாறும், அது சீக்கிரம் ஓட வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனாலும் ரயில் ஓடுவதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை, அது இல்லை என்றே வைத்து வீட்டை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது வாடகை. 2018 டிசம்பரில் மினியாபொலிஸ் கவுன்சில் '2040 திட்டம்' என்ற ஒன்றை நிறைவேற்றியது. தனி வீடு மட்டுமே கட்டலாம் என்றிருந்த மனைகளிலும் மூன்று குடித்தனம் வரை கட்டலாம், பஸ் ரயில் தடங்களை ஒட்டி இன்னும் உயரமாகக் கட்டலாம் என்றது. 2021இல் ஒவ்வொரு கட்டடமும் இத்தனை பார்க்கிங் இடம் வைத்தே ஆக வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். வழக்குகள், எதிர்ப்புகள் எல்லாம் நடந்தன. ஆனால் பலன் கண்முன் தெரிகிறது. பியூ அறக்கட்டளையின் ஆய்வுப்படி 2017 முதல் 2022 வரை இந்த நகரில் வீடுகளின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது, வாடகை 1 சதவீதம்தான் ஏறியது. மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் அதே காலத்தில் வாடகை 14 சதவீதம் ஏறியது. மூன்று குடித்தன வீடுகள் பெரிதாக வந்துவிடவில்லை, பெரிய அடுக்குமாடிகள்தான் இதைச் செய்தன. இதில் உங்களுக்கு உள்ள சங்கதி, புதுக் கட்டடங்களில் கார் நிறுத்த இடம் பல நேரம் வாடகையோடு சேர்ந்து வராது என்பது. பார்க்கிங்குக்கு மாதம் எவ்வளவு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மினியாபொலிஸில் டெபாசிட்டாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு கிடையாது. செயின்ட் பாலில் ஆண்டுக்கு 3 சதவீதம் என்ற வரம்பு உண்டு, ஆனால் புதிய கட்டடங்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. மாநிலம் முழுவதும் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வீட்டுக்குள் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது சூடு இருக்கும்படி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது நம் கணக்கில் 20 டிகிரி. ஜனவரியில் ஹீட்டர் கெட்டுப்போனால் "நாளை பார்க்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள், நகராட்சியின் உதவி எண்ணான 311க்கு அழையுங்கள்.

பனிக்காலத்தில் தெருவில் கார் நிறுத்துபவர்கள் 'ஸ்னோ எமர்ஜென்சி' விதியை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். பனி கொட்டியதும் நகராட்சி அறிவிப்பு வெளியிடும். முதல் நாள் இரவு 9 மணி முதல் மறுநாள் காலை 8 வரை பிரதான தடங்களில் இரண்டு பக்கமும் நிறுத்தக்கூடாது. இரண்டாம் நாள் காலை 8 முதல் இரவு 8 வரை மற்றத் தெருக்களில் இரட்டைப்படைக் கதவு எண் உள்ள பக்கம் கூடாது, பூங்காக்களையும் ஏரிகளையும் ஒட்டிச் செல்லும் பார்க்வே சாலைகளில் எந்தப் பக்கமும் கூடாது. மூன்றாம் நாள் அதே நேரத்தில் ஒற்றைப்படைப் பக்கம் கூடாது. மீறினால் அபராதம் போட்டு, வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மீட்கும் செலவு கசக்கும். நகராட்சியின் குறுஞ்செய்தி அறிவிப்பில் பெயரைப் பதிந்துவிடுங்கள். செயின்ட் பாலில் நண்பர் வீட்டுக்குப் போனால் அங்கே விதி வேறு என்பதையும் மறக்காதீர்கள். தனி வீடு எடுத்தால் நடைபாதைப் பனியை 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். அது யார் பொறுப்பு என்று லீஸில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

சரி, இதையெல்லாம் முடிவு செய்வது யார்? தெரு, கட்டட விதி, பனி அள்ளுதல் எல்லாம் நகராட்சி. மினியாபொலிஸில் 13 வார்டுகள், 13 கவுன்சில் உறுப்பினர்கள். 2021 வாக்கெடுப்புக்குப் பிறகு நிர்வாக அதிகாரம் மேயரிடம் குவிந்தது. பூங்காக்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பார்க் போர்டு. மெட்ரோ ட்ரான்ஸிட், கழிவுநீர், வட்டாரத் திட்டமிடல் மூன்றும் மெட் கவுன்சிலிடம். அதன் 17 உறுப்பினர்களையும் மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஆளுநர் நியமிக்கிறார். இங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் போல, ஓட்டு வாங்கி வருபவர். 2023 முதல் ஏழு கவுண்டிகளிலும் போக்குவரத்துக்காக 0.75 சதவீதக் கூடுதல் விற்பனை வரி உண்டு. நீங்கள் கடையில் கொடுக்கும் காசும் பஸ்ஸுக்குப் போகிறது.

ஓட்டு விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். கிரீன் கார்டு இருந்தாலும் கிடையாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி வந்தால் நிதானமாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். தவறாகப் பதிவு செய்வது விசாவுக்கே வினையாகும்.

ஓட்டு இல்லை என்பதால் குரல் இல்லை என்று நினைக்க வேண்டாம். கிரீன் லைன் கட்டும்போது நடந்ததைப் பாருங்கள். செயின்ட் பாலின் யுனிவர்சிட்டி அவென்யூவில் வெஸ்டர்ன், விக்டோரியா, ஹாம்லின் என்ற மூன்று இடங்களிலும் நிலையம் வேண்டாம் என்று முதலில் திட்டம் போட்டார்கள். செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்பது மத்திய அரசு விதியின் கணக்கு. அங்கே வாழ்ந்தவர்கள் கறுப்பின மக்கள், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மோங் இனக் குடும்பங்கள், புதிதாகக் குடியேறியவர்கள். பலரிடம் கார் கிடையாது. 1950களிலும் 60களிலும் ஐ-94 நெடுஞ்சாலைக்காக ரோண்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பு இடிக்கப்பட்ட நினைவு அந்தப் பகுதிக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது ரயிலும் நம் வாசலில் நிற்காமல் போகுமா என்று கேட்டு அவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு, ஆண்டுக்கணக்கில் விடாமல் பேசினார்கள். 2010 ஜனவரியில் மத்திய அரசு விதி மாறியது, மூன்று நிலையங்களும் திட்டத்தில் சேர்ந்தன. இன்று அந்தத் தடத்தில் போனால் மூன்றிலும் ரயில் நிற்கும்.

எல்லா நேரமும் இப்படி வெற்றி கிடைக்காது. மினியாபொலிஸின் ஹென்னபின் அவென்யூவில் பஸ்ஸுக்கு 24 மணி நேரமும் தனித்தடம் வேண்டும் என்று 2022இல் கவுன்சில் முடிவெடுத்தபோது, கடைகளின் பார்க்கிங் போய்விடும் என்ற எதிர்ப்பு வந்தது. மேயர் ஜேக்கப் ஃப்ரே அதை வீட்டோ செய்தார். கடைசியில் குறிப்பிட்ட நேரங்களுக்கு மட்டும் தடம் என்று சமரசமானது. பஸ்ஸில் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் வந்து பேசியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அதனால் லீஸ் போட்டதும் உங்கள் வார்டு எண்ணையும் கவுன்சில் உறுப்பினர் யார் என்பதையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பொது விசாரணைகளில் பேசக் குடியுரிமை கேட்பதில்லை. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் சில நிமிடங்கள் தருவார்கள். "நான் இந்தத் தெருவில் குடியிருக்கிறேன், தினமும் இந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன், இரவில் கடைசி வண்டி சீக்கிரம் போய்விடுகிறது" என்று உங்கள் அனுபவத்தை அப்படியே சொன்னால் போதும், இலக்கண ஆங்கிலம் தேவையில்லை. மேடையில் பேசக் கூச்சமாக இருந்தால் எழுதி அனுப்புங்கள். அதையும் அந்த விஷயத்தின் கோப்பில் சேர்ப்பார்கள்.