பழைய விண்டோஸை, லினக்ஸை அப்படியே புதுக் கணினிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக் கணினி கைக்கு வந்ததும், பழையதில் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி இதில் மாட்டிவிட்டால் என்ன, அல்லது குளோன் (டிஸ்க்கின் அச்சு அசல் நகல்) எடுத்துப் போட்டுவிட்டால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் வரும். இரண்டுமே நடக்கக்கூடியவைதான். விண்டோஸ் 10, 11 இரண்டும் புது ஹார்டுவேரைப் பார்த்ததும் டிரைவர்களைத் தேடிப் பிடித்துப் பெரும்பாலும் தாமாகவே எழுந்துவிடும். லினக்ஸுக்கு இது இன்னும் எளிது.

இடிக்கும் இடம் வேறு. நாம் பயன்படுத்தும் இயங்குதளம் முழுக்க டிஸ்க்கில் இல்லை. என்கிரிப்ட் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய டிஸ்க்கைத் திறக்க உதவும் ரகசியம், மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பில் இருக்கிறது. எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற பதிவும் மதர்போர்டில்தான் இருக்கிறது. பல கணினிகளில் விண்டோஸ் லைசென்ஸும் அந்த போர்டோடு கட்டப்பட்டது. டிஸ்க்கைக் கழற்றும்போது இவை மூன்றும் பின்தங்கிவிடும். ஆகவே முக்கியமான வேலைகளைப் பழைய கணினியில், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிக்க வேண்டும். பழையதை விற்றுவிட்டு, அல்லது பிரித்துப் போட்டுவிட்டு யோசித்தால் கதை முடிந்துவிடும்.

பிட்லாக்கரைப் பார்க்காமல் டிஸ்க்கைக் கழற்றுவது

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி. அதைப் பார்க்காமல் விடுவதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். மற்றவை நேரத்தை வீணாக்கும், இது தரவையே பறித்துவிடும். "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில், முதல்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்த உடனேயே பிட்லாக்கரின் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. ஹோம் பதிப்பும் இதற்கு விலக்கல்ல. டிபிஎம் சத்தமில்லாமல் டிஸ்க்கைத் திறந்துவிடுவதால், அப்படி ஒன்று இருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. டிஸ்க் வேறு போர்டுக்குப் போனதும் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லை, பழைய கணினியும் இல்லை என்றால், அந்தத் தரவை யாராலும் மீட்டுத் தர முடியாது.

செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் நிலையைப் பாருங்கள். புரோ பதிப்பென்றால் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கத்தையும் பாருங்கள். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், அல்லது வேறு சாதனத்தில் சேமியுங்கள். அதே டிஸ்க்கில் வைத்துப் பயனில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பல சாதனங்களின் எண்கள் வரிசையாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கீ ஐடி உண்டு. உங்கள் டிஸ்க்கின் ஐடியும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி உண்டு என்றாலும், மாற்றும் வேலைக்கு முன் முழுவதுமாக டிகிரிப்ட் செய்துவிடுங்கள் (பூட்டை நீக்கிவிடுங்கள்) என்பதே என் பரிந்துரை. நேரம் பிடிக்கும்தான். ஆனால் குளோன் எடுக்கும்போதும் இது கைகொடுக்கும்: பூட்டிய டிஸ்க்கை வெளியிலிருந்து குளோன் செய்யும் மென்பொருளுக்கு, எது தரவு, எது வெற்றிடம் என்றே தெரியாது.

இதோடு ஒட்டிய இன்னொன்று, உள்நுழையத் தட்டும் பின் (PIN) எண். விண்டோஸ் ஹலோ பின்னும் கைரேகையும் அந்தக் கணினியின் டிபிஎம்மோடு கட்டப்பட்டவை, புதியதில் செல்லாது. அங்கே உண்மையான பாஸ்வேர்டைக் கேட்கும். தினமும் நான்கு இலக்கம் தட்டி உள்ளே போய்ப் பழகியவருக்கு அது நினைவிருக்காது. மாற்றிவிடலாம் என்றால் இணையம் வேண்டும். புதுக் கணினியின் வைஃபைக்கோ இன்னும் டிரைவர் ஏறியிருக்காது. உள்நுழையும் திரையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பழைய கணினியில் ஒருமுறை பின்னை விட்டுவிட்டுப் பாஸ்வேர்டால் உள்நுழைந்து பார்த்துவிடுங்கள். புதுக் கணினியின் வைஃபை, லேன் டிரைவர்களை முன்கூட்டியே பென்டிரைவில் இறக்கி வையுங்கள். அது இல்லாதபோது ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்தால் பெரும்பாலும் இணையம் கிடைத்துவிடும்.

பூட் முறை பொருந்துமா என்று பார்க்காதது

விண்டோஸ் 7 காலத்தில் போட்டு, மேலே மேலே அப்கிரேட் செய்துகொண்டே வந்த டிஸ்க் என்றால், அது எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு அமைப்பில், பழைய பயாஸ் முறையில் பூட் ஆவதாக இருக்க வாய்ப்பு அதிகம். புதிய கணினிகள் பலவற்றில் அந்தப் பழைய முறையே கிடையாது, அதன் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ மட்டும்தான். அதற்கு ஜிபிடி என்ற புதிய பிரிப்பு அமைப்பு வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க்கின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், பார்ட்டிஷன் ஸ்டைல் எம்பிஆரா, ஜிபிடியா என்று தெரியும். எம்பிஆர் என்றால், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் தரவை அழிக்காமல் மாற்றலாம். முதலில் வேலிடேட் (மாற்ற முடியுமா என்ற சரிபார்ப்பு) மட்டும் செய்து பார்க்கவும். மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் அது மறுத்துவிடும். பேக்கப் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். மாற்றியபின் அதே டிஸ்க் பழைய கணினியில் பூட் ஆக வேண்டுமென்றால், அங்கும் யூஇஎஃப்ஐ முறைக்கு மாற வேண்டியிருக்கும்.

"இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை வந்தால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். டிஸ்க்கை அணுகத் தேவையான ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் டிரைவர் பழைய விண்டோஸில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு பயாஸில் (யூஇஎஃப்ஐ செட்டப்பையும் இப்படியே சொல்வதுண்டு) இயங்கும் நிலையிலேயே வருகிறது. பழைய விண்டோஸுக்கு அதன் பின்னால் இருக்கும் டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. பயாஸில் விஎம்டியை அணைத்துப் பாருங்கள். ஆனால் அந்த லேப்டாப்போடு வந்த விண்டோஸும் இன்னொரு டிஸ்க்கில் இருக்கிறதென்றால், அணைத்தபின் அது எழாமல் போகலாம். என்ன மாற்றினோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.

விண்டோஸைச் சாதாரணமாக ஷட்டவுன் செய்தாலும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் அது முழுதாக அணைவதில்லை. கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் டிஸ்க்கை வேறு போர்டில் மாட்டக் கூடாது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். லினக்ஸில் ஹைபர்னேட் செய்து வைத்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

குளோன் எடுக்கும்போது

சி டிரைவை மட்டும் நகலெடுத்துவிட்டு "பூட் ஆகவில்லை" என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். பூட் லோடர் இருப்பது சிறியதாக, எழுத்துப் பெயர் இல்லாமல் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில். ஆகவே டிஸ்க் முழுவதையும் குளோன் செய்யுங்கள்.

லினக்ஸில் டிஸ்க்கை நகலெடுக்கும் டிடி கட்டளையைப் பயன்படுத்துபவர்கள், மூல டிஸ்க் எது, இலக்கு டிஸ்க் எது என்பதை லினக்ஸ் இடும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்தப் பெயர்கள் அடுத்த பூட்டில் இடம் மாறலாம். மாடல், சீரியல் எண், அளவு மூன்றையும் பார்த்தபின் என்டர் தட்டுங்கள். திசை மாறினால் வெற்று டிஸ்க்கின் நகல் உங்கள் தரவின் மேல் எழுதப்படும், அந்தக் கட்டளை "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது.

குளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் ஒரே கணினியில் வைத்துக்கொண்டு பூட் செய்யாதீர்கள். இரண்டின் அடையாளங்களும் ஒன்றே. விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். லினக்ஸில் யூயூஐடி என்ற அடையாள எண் ஒன்றாக இருப்பதால், எழுந்தது எந்த டிஸ்க் என்றே தெரியாமல் வேலை செய்துகொண்டிருப்பீர்கள். டிஸ்க்கில் இருப்பது பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை என்றால் அதுவே சிதையக்கூடும்.

லினக்ஸுக்கென்று சில

இனிட்ராம்எஃப்எஸ் என்பது பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு. உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் அது வழக்கமாகப் பலவகை ஹார்டுவேருக்குமான டிரைவர்களைச் சுமந்திருக்கும். ஃபெடோராவோ, தான் இருக்கும் கணினிக்குத் தேவையானதை மட்டுமே வைத்து அதைக் கட்டும். ஆர்ச்சிலும் அப்படியே. அவற்றை மாற்றுமுன் பொதுவான இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஃபெடோராவில் பூட் மெனுவில் உள்ள ரெஸ்க்யூ பதிவும் உதவும். பூட் பட்டியலிலேயே டிஸ்க் வரவில்லையென்றால், பழைய போர்டிலிருந்த பூட் பதிவு இங்கே இல்லை என்று பொருள். லைவ் யூஎஸ்பியில் எழுப்பி, சிரூட் செய்து (டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து), கிரப் என்ற பூட் லோடரை மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும்.

மானிட்டர் இல்லாத சர்வரை மாற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெட்வொர்க் கார்டின் பெயர், அது போர்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து அமைவது. பழையதில் இஎன்பி3எஸ்0 என்றிருந்தது புதியதில் இஎன்பி5எஸ்0 ஆகலாம். பழைய பெயரில் நிலையான ஐபி எழுதியிருந்தால் சர்வர் நன்றாக எழுந்திருக்கும், ஆனால் தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச்சில் எட்டவே முடியாது. முதல் பூட்டுக்காவது ஒரு மானிட்டரும் கீபோர்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணினியும் தொடர்ந்து ஓடப்போகிறதென்றால், நகலில் கணினியின் அடையாளங்களான மெஷின்-ஐடியையும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீகளையும் புதிதாக உருவாக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஐபிக்குச் சண்டையிடும் நிலைகூட வரலாம்.

லைசென்ஸ், பிறகு மாற்றவே கூடாத கணினிகள்

லேப்டாப்போடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்தக் கணினிக்கு மட்டுமே. தனியாக வாங்கிய ரீட்டெயில் லைசென்ஸைப் புதியதற்கு மாற்றலாம். அதை முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால் ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டர் வழியாக வேலை சுலபம். பழையது புரோ, புது லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் ஹோம் என்றால், அந்த லைசென்ஸால் புரோ ஆக்டிவேட் ஆகாது. கணினி எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் மற்ற மென்பொருள்களில், பழையதிலேயே டீஆக்டிவேட் செய்துவிட்டு வரவும்.

இன்டெல், ஏஎம்டி கணினியில் ஓடிய விண்டோஸை ஆர்ம் சிப் உள்ள லேப்டாப்புக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே புதிதாக நிறுவித்தான் ஆக வேண்டும். ஆப்பிள் 2020 முதல் தன் சொந்த சிப்புக்கு மாறிய மேக்குகளிலும் குளோன் வேலைக்கு ஆகாது, மைக்ரேஷன் அசிஸ்டன்ட்தான் வழி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதைச் சிரமப்பட்டு மாற்றுவதைவிட, புதியதில் 11ஐச் சுத்தமாக நிறுவிக் கோப்புகளை மட்டும் கொண்டுவருவது மேல்.

புதியதில் எல்லாம் ஓடத் தொடங்கியதும் பழைய டிஸ்க்கை உடனே அழித்துவிடாதீர்கள். வழக்கமான எல்லா வேலைகளையும் ஒரு சுற்று செய்து பாருங்கள்: பிரிண்டர், விபிஎன், டிஜிட்டல் கையொப்பம், எப்போதோ ஒருமுறை திறக்கும் கணக்கு மென்பொருள் எல்லாம். பிறகு பிட்லாக்கரை மறுபடி இயக்குங்கள். இப்போது உருவாவது புது மீட்பு எண், முன்பு எழுதி வைத்தது இதற்குப் பொருந்தாது. புதியதை எழுதி வைத்து, கீ ஐடியைச் சரிபார்த்த பிறகு பழைய டிஸ்க்கை அழிக்கலாம்.